டெஸ்க்டாப் தலைகீழாக மாறும்போது: பழகுவதா, ஒட்டுப்போடுவதா, இடம் மாறுவதா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பதினொன்றுக்குப் போகலாமா?" இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் உள்ளே இருக்கும் கவலை வெளியே வரும். வேகமோ விலையோ அவர்களை உறுத்தவில்லை. "எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சிருக்காங்களாமே, முதல்லேருந்து பழகணுமா?" என்பதுதான் கவலை.

இதை அற்பமான கவலையாக நான் நினைக்கவில்லை. பல வருடம் ஒரே அடுப்படியில் சமைத்தவர் அஞ்சறைப்பெட்டியில் சீரகம் எந்தக் கிண்ணத்தில் என்று பார்ப்பதில்லை; கை தானே போகும். கணினியிலும் அப்படித்தான். மவுஸை இடது கீழ் மூலைக்குத் தள்ளினால் ஸ்டார்ட் என்பது 1995-லிருந்து கோடிக்கணக்கானவர்களின் கையில் ஊறிய பழக்கம். அந்தப் பொத்தானை நகர்த்தும்போது அவர்கள் வருடக்கணக்கில் சேர்த்த வேகம் ஒரே நாளில் போய்விடுகிறது. கணினி மேல் தனிப்பட்ட ஆர்வம் ஏதுமில்லாமல், வேலை முடிந்தால் போதும் என்று உட்காருகிறவர்களுக்குத்தான் அந்த அடி பலமாக விழுகிறது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒரு கேள்வியை முன்னால் வைக்கிறேன். இந்த இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் தங்கள் பயனர்களின் பழக்கத்தை எப்படி மதித்திருக்கிறார்கள்? இன்றைய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அடுத்த பெரிய மாற்றம் வரும்போது மறுபடி இதே குழப்பத்தில் வந்து நிற்போம்.

முன்பு நடந்த கதை

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. நிறமும் நிழலும் ஐகானும் மாறுவது ஒரு வகை. இரண்டு நாள் கண்ணை உறுத்தும், அப்புறம் மறந்துபோகும். பொருள்களின் இடம் மாறுவது அடுத்த வகை. கை மறுபடி கற்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். மூன்றாவது வகை, இருந்ததையே எடுத்துவிடுவது. இதைப் பழகித் தீர்க்க முடியாது, ஏனென்றால் பழகுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கோபம் பெரும்பாலும் மூன்றாவதில்தான் வெடிக்கிறது.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் பல டெஸ்க்டாப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றான கேடிஈயின் 4.0 பதிப்பு 2008 ஜனவரியில் வந்தது. பழைய 3.5-இல் இருந்த பல வசதிகள் இன்னும் எழுதப்படாத நிலையிலேயே அது வெளியானது. நிரலாளர்களுக்கும் ஆர்வலர்களுக்குமான முதல் பதிப்பு என்ற எண்ணத்தில் அவர்கள் வெளியிட்டார்கள். ஆனால் லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்கள் சில அதைச் சாதாரணப் பயனர்களின் கையில் கொடுத்துவிட்டன. 3.5-ஐ விட மனமில்லாதவர்கள் அதன் நிரலை எடுத்து டிரினிட்டி என்ற பெயரில் இன்றுவரை பராமரிக்கிறார்கள்.

2010-இல் ஐபேட் வந்த பிறகு எல்லோருக்கும் தொடுதிரை ஆசை பிடித்துக்கொண்டது. ஒரே இடைமுகம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மேசைக் கணினிக்கும் ஓடவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் தலைதூக்கியது. 2011 ஏப்ரலில் லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான குனோம் 3 வெளியானது. ஜன்னல்களைச் சிறிதாக்கும் பொத்தான், டெஸ்க்டாப் ஐகான்கள், பேனலில் விரும்பியதை வைத்துக்கொள்ளும் வசதி எல்லாம் ஒரே மூச்சில் போயின. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் தன் 11.04 பதிப்பில் பயனர்களை யூனிட்டி என்ற புதிய இடைமுகத்துக்குக் கொண்டுபோனது. லினக்ஸின் மையமான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே குனோம் 3-ஐ வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய டெஸ்க்டாப்புக்கு மாறினார். 2013-இல் அவர் குனோமுக்கே திரும்பினார், ஆனால் அதன் நடத்தையை மாற்றும் நீட்சிகளை நிறுவிக்கொண்டு.

2012 அக்டோபர் 26-இல் விண்டோஸ் 8. ஸ்டார்ட் பொத்தான் இல்லை, ஸ்டார்ட் மெனு இல்லை. அதற்குப் பதில் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். கணினியை அணைக்க வேண்டுமென்றால்கூட மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கே ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் செட்டிங்ஸுக்குள் போகவேண்டும். தொடுதிரையில் விரலால் இழுப்பதற்குப் பொருத்தமான ஏற்பாடு, தொடுதிரையே இல்லாத கோடிக்கணக்கான கணினிகளுக்கும் போனது. ஸ்டார்ட் மெனுவை மக்கள் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள், டாஸ்க்பாரில் பின் செய்துகொள்கிறார்கள் என்பது மைக்ரோசாஃப்டின் வாதம். தினமும் இரண்டே முறை திறக்கும் கதவு என்பதற்காக அதைச் சுவராக்கிவிட முடியாது என்பதை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை. 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பொத்தான் திரும்பியது. அழுத்தினால் அதே கட்டங்கள்தான். உண்மையான மெனு திரும்பியது 2015 ஜூலை 29-இல், விண்டோஸ் 10-உடன்.

இந்தக் கதையில் நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. எடுத்ததைத் திரும்பத் தர மைக்ரோசாஃப்டுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. உபுண்டு 2010-இல் ஜன்னலின் மூடும் பொத்தானை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியது. 2017 அக்டோபரில்தான் அது மறுபடி வலப்பக்கம் வந்தது, யூனிட்டியும் அப்போதுதான் கைவிடப்பட்டது. நிறுவனங்கள் திருந்துகின்றன. ஆனால் அதற்குள் நாம் வேலை செய்ய வேண்டிய வருடங்கள் ஓடிவிடுகின்றன.

வழி ஒன்று: விண்டோஸ் 11-க்குப் போய்ப் பழகிக்கொள்வது

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேரப்போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2021 அக்டோபர் 5-இல் வெளியானபோது விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் புதிதாக எழுதப்பட்டிருந்தது. அதில் பழைய வசதிகள் பல இல்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து டாஸ்க்பாரைத் திரையின் நான்கு விளிம்புகளில் எதற்கும் இழுத்துக்கொள்ளலாம். 11 வந்தபோது கீழே மட்டும்தான். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி போனது, 2023-இல்தான் திரும்பியது. ஒரு கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் உள்ள செயலிக்கு மேல் கொண்டுபோகும் வசதியும் போய், 2022-இல் வந்த 22எச்2 பதிப்பில் திரும்பியது. 2012-இல் பார்த்த அதே வரிசை: முதலில் எடு, கூக்குரல் வந்த பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடு.

ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்ததைப் பலரும் வெறும் அழகு விஷயமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் சொன்ன விதி ஒன்று இருக்கிறது: இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பக்கமோ, அவ்வளவு சீக்கிரம் கை அதை எட்டும். திரையின் மூலைக்கு இந்தக் கணக்கில் தனி மதிப்பு. மவுஸ் அதற்கு மேல் போக இடமில்லாததால் குறிபார்க்காமல் வீசினாலும் அங்கேயே போய் நிற்கும். நடுவில் இருக்கும் பொத்தானுக்கு அந்த வசதி கிடையாது. அதோடு, செயலிகள் கூடக்கூட அது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. நகரும் பொருளுக்குக் கை பழகாது.

நல்லவேளையாக இதற்கு மருந்து உண்டு. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், கீழே உள்ள டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் அலைன்மென்டை லெஃப்ட் என்று மாற்றினால் ஸ்டார்ட் பழைய மூலைக்கு வந்துவிடும். அதே இடத்தில் பொத்தான்களை ஒன்றுசேர்க்காமல் தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். விண்டோஸ் 11 போட்டவுடன் முதல் ஐந்து நிமிடத்தில் செய்யவேண்டியவை இந்த இரண்டும்.

ரைட் கிளிக் மெனு இன்னொரு தொல்லை. கட், காப்பி, பேஸ்ட், ரீநேம், டெலிட் ஐந்தும் சொற்களாக இல்லாமல் சின்னச் சின்னப் படங்களாக மாறின. கிளிக் செய்த இடத்தைப் பொறுத்து அந்த வரிசை ஒருமுறை மேலே இருக்கும், ஒருமுறை கீழே இருக்கும். 24எச்2 பதிப்பில் படங்களுக்குக் கீழே பெயர்கள் சேர்த்தார்கள், அது பரவாயில்லை. மற்ற செயலிகள் மெனுவில் சேர்த்திருந்த கட்டளைகளில் பல இன்னொரு கிளிக் தள்ளிப் போய்விட்டன. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு நேரே வரும். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பலர் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம். டிடிபி கடைகளில் இன்னும் ஓடும் பேஜ்மேக்கர், பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்து வைத்திருக்கும் வருடக்கணக்கான கோப்புகள், கணக்கருக்கான டேலி, இவையெல்லாம் விண்டோஸை நம்பி இருப்பவை. அந்த வேலையில் இருப்பவருக்கு வேறு வழிகளைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் பயனில்லை, விண்டோஸ்தான்.

தடை ஒன்று இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய நல்ல கணினிகள் பலவற்றுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. திரையின் அமைப்பு பிடிக்கிறதோ இல்லையோ, அவர்களுக்குக் கேள்வியே வேறு.

வழி இரண்டு: ஒட்டுப்போட்டு பழையதைத் திரும்பக் கொண்டுவருவது

விண்டோஸ் 8 காலத்தில் கிளாசிக் ஷெல் என்ற இலவசச் செயலி பெரிய நிம்மதியைக் கொடுத்தது. அதை எழுதியவர் ஐவோ பெல்ட்சேவ் என்ற ஒரே நிரலாளர். 2017 டிசம்பரில், இனி தொடர நேரமில்லை என்று நிறுத்தி, நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதைத் தன்னார்வலர்கள் எடுத்து ஓப்பன்-ஷெல் என்று இன்றும் கொண்டுபோகிறார்கள். விண்டோஸ் 11-க்கு ஸ்டார்ட்ஆல்பேக், எக்ஸ்ப்ளோரர்பேட்சர் என்று இன்னும் சில உண்டு. முதலாவது விலைக்கு, இரண்டாவது இலவசம்.

இவை வேலை செய்கின்றன, நன்றாகவே செய்கின்றன. ஆனால் இவற்றின் ஆயுள் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர்பேட்சர் ஆரம்பத்தில் செய்தது என்ன? விண்டோஸ் 11-க்குள் பழைய டாஸ்க்பாரின் நிரல் இன்னும் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். 24எச்2-இல் அந்தப் பழைய நிரலை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. எக்ஸ்ப்ளோரர்பேட்சரை எழுதுபவர்கள் டாஸ்க்பாரைத் தாங்களே புதிதாக எழுதவேண்டி வந்தது.

ஆகவே என் கருத்து இது. ஸ்டார்ட் மெனுவை மட்டும் மாற்றும் ஓப்பன்-ஷெல் போன்றவற்றைத் தயங்காமல் போடலாம். பழுதானால் நீக்கிவிட்டால் போயிற்று. டாஸ்க்பார் வரை உள்ளே கைவைக்கும் செயலிகளை, ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு திரை வெறுமையாக வந்தால் தானே சரிசெய்யத் தெரிந்தவர் மட்டும் போடட்டும். வெளியூரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா கணினியில் வேண்டவே வேண்டாம்.

வழி மூன்று: பத்திலேயே இருந்துவிடுவது

இதற்குச் சட்டப்படியான வழி ஒன்றை மைக்ரோசாஃப்டே திறந்துவைத்தது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகள் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது கணினியின் செட்டிங்ஸைத் தங்கள் மேகச் சேமிப்போடு ஒத்திசைத்தால் இலவசம். எப்படியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும்.

பழகிய திரை அப்படியே இருக்கும், ஒரு பிக்சல்கூட நகராது. அந்த நிம்மதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் இதை அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல. பாதுகாப்பு அப்டேட் நின்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது போல. இணையமே இல்லாமல் ஓர் இயந்திரத்தோடு மட்டும் இணைந்து ஓடும் கணினி என்றால் பத்தையே வைத்திருக்கலாம், நானும் அப்படித்தான் செய்வேன்.

வழி நான்கு: மேக்

ஆப்பிளின் வரலாறு இந்தக் கேள்வியில் விசித்திரமானது. தோலை அடிக்கடி மாற்றுவார்கள், எலும்பை மாற்ற மாட்டார்கள். திரையின் உச்சியில் மெனு பட்டை 1984-இல் முதல் மேக்கில் இருந்தது, இன்றும் அங்கேயே இருக்கிறது. 2001-இலிருந்து டாக் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த டாஹோ (26) பதிப்பில் லிக்விட் கிளாஸ் என்று எல்லாவற்றையும் கண்ணாடிபோல் ஆக்கியபோது, எழுத்துகள் பின்னணியில் கரைகின்றன, படிக்கச் சிரமம் என்று பலத்த எதிர்ப்பு வந்தது. அடுத்து வந்த 26.1-இல் அந்தக் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றும் தேர்வைக் கொடுத்தார்கள். அணுகல் வசதிகளில் ஒளிபுகுதலைக் குறைக்கும் பொத்தான் ஏற்கெனவே உண்டு.

ஆனால் அவர்களும் எடுக்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2022-இல் வென்சுராவில் சிஸ்டம் பிரிஃபரன்ஸஸை எடுத்துவிட்டு ஐபோன் பாணியில் நீண்ட பட்டியலை வைத்தார்கள். எந்த அமைப்பு எங்கே என்று பழகியவர்கள் தேடித்தேடிச் சலித்தார்கள். டாஹோவில் லாஞ்ச்பேடும் போனது. அதோடு இது புதுக் கணினி வாங்கும் வழி. எம்4 மேக் மினி இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது, அதற்கு மானிட்டரும் கீபோர்டும் தனி. விண்டோஸின் மாற்றம் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மேக் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன், ஏனென்றால் அங்கே போனால் மாறுவது ஒன்றிரண்டல்ல, எல்லாமும். மூடும் பொத்தான் இடப்பக்கம், கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். எதிலிருந்து தப்பிக்கப் போனோமோ அதையே காசு கொடுத்து வாங்குவது போலாகும்.

வழி ஐந்து: லினக்ஸ், ஆனால் எந்த லினக்ஸ்?

லினக்ஸில் உள்ள பெரிய வேறுபாடு, திரையைச் செய்பவர்கள் வேறு, அடியில் உள்ள இயங்குதளத்தைச் செய்பவர்கள் வேறு. ஒருவர் செய்த மாற்றம் பிடிக்கவில்லை என்றால் நிரலை எடுத்து இன்னொருவர் பழையதைத் தொடரலாம். 2011-இல் அதுதான் நடந்தது. குனோம் 3-ஐப் பொறுக்க முடியாத ஓர் அர்ஜென்டினப் பயனர் குனோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார். அந்த நாட்டவர் குடிக்கும் மூலிகைப் பானத்தின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலைத் தொடங்கிய கிளமென்ட் லஃபேவ்ர் வேறு பாதையில் போனார். குனோம் 3-இன் புதிய அடித்தளத்தை வைத்துக்கொண்டு, மேலே பழைய பாணியில் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை 2011 இறுதியில் தொடங்கினார். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். அன்றிலிருந்து ஏறக்குறைய அதேதான்.

மின்ட்டை நான் பரிந்துரைப்பதற்கு ஒரு சின்ன நிகழ்வு முக்கியக் காரணம். 2018 டிசம்பரில் 19.1 பதிப்பு வந்தபோது ஜன்னல்களை ஐகான்களாகக் குழுவாக்கும் புதிய டாஸ்க்பாரைக் கொண்டுவந்தார்கள். மாற்றம்தான். ஆனால் நிறுவியவுடன் வரும் வரவேற்புத் திரையிலேயே "புதியது வேண்டுமா, பழையது வேண்டுமா" என்று கேட்டார்கள். ஒரு கிளிக், அவ்வளவுதான். மற்ற எல்லோரும் செய்திருக்க வேண்டியது இதைத்தான். லிப்ரேஆஃபீஸும் இப்படித்தான் செய்தது: ரிப்பன் போன்ற தாவல் பட்டையைக் கொண்டுவந்தது, பழைய மெனுவையும் வைத்துக்கொண்டது, எது வேண்டும் என்பதைப் பயனரிடம் விட்டது.

குறை சொல்லாமல் விடக்கூடாது. சின்னமன் 6.6-இல் மெனுவைப் புதிதாக வடிவமைத்திருக்கிறார்கள், பழகியவர் முதல் நாள் தடுமாறுவார். பெட்டிக்குள் அடுக்கு மாறியது, பெட்டி இருந்த மூலை மாறவில்லை என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து ஜிபி ரேமோடு முனகும் பழைய லேப்டாப் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் பாருங்கள். 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம் அது. அதன் இரண்டு பதிப்புகளுக்கு இடையே இரண்டு வருடம்கூட ஆகும். வந்தாலும் என்ன மாறியது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்க எளிமையாக, கொஞ்சம் பழசாகத் தெரியும். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. அதிக நுணுக்கமான திரைகளில் எழுத்தின் அளவைச் சரிசெய்வதில் மட்டும் சின்னமன் இன்னும் வசதி.

நிறைய மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கேடிஈ பிளாஸ்மா. 2008-இன் அடியிலிருந்து அவர்கள் பாடம் கற்றுக்கொண்டது தெரிகிறது. 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தபோது அடித்தளத்தை மாற்றினார்கள், முகத்தைப் பெரிதாக மாற்றவில்லை. விண்டோஸ் 11 எடுத்துக்கொண்ட அந்த வசதி, பட்டையை நான்கு விளிம்பில் எதிலும் வைப்பது, இங்கே உண்டு. ஆனால் அமைப்புகள் கடல்போல் கிடக்கின்றன. பழக்கம் மாறக்கூடாது என்று வருகிறவரை அந்தக் கடலில் இறக்கிவிடாதீர்கள்.

குனோமைப் பற்றி: அழகானது, யோசித்துச் செய்தது, ஒரே சீரானது. ஆனால் நம் அளவுகோலில் தேறாது. 2021-இல் குனோம் 40 ஜன்னல்களைப் பிரித்து வைக்க மேலும்கீழுமாக இருந்த பணியிடங்களைப் பக்கவாட்டுக்கு மாற்றியது. 2023-இல் 45 வந்தபோது அதுவரை எழுதப்பட்டிருந்த நீட்சிகள் எல்லாவற்றையும் திருத்தி எழுதவேண்டி வந்தது. குனோமைக் குனோமாகவே ஏற்றுக்கொண்டு பழகுகிறவர்களுக்கு அது நல்ல வீடு. நீட்சிகளால் அதை விண்டோஸ்போல் ஆக்கி வைத்துக்கொள்வேன் என்று போகாதீர்கள்.

என் அம்மாவின் பழைய லேப்டாப்பில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். போடுவதற்கு முன் அவர் டெஸ்க்டாப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஐகான்களை அதே வரிசையில், அதே இடத்தில் அடுக்கினேன். பின்னணிப் படமும் அதே. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, "என்னடா மாத்தின? அப்படியேதான இருக்கு" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு டெஸ்க்டாப்புக்கு இல்லை என்று நினைக்கிறேன். அவர் தேவை யூடியூப், மின்னஞ்சல், பேரனோடு வீடியோ அழைப்பு, அவ்வப்போது ஒரு கடிதம். தமிழில் அடிக்க, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 வைத்துக் கொடுத்தேன். ஒலிப்பு முறையும் பழைய தட்டச்சு முறையும் அதே இடத்தில் கிடைக்கின்றன.

லினக்ஸுக்கு மாறும் முன் பிரின்டரைப் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900 தனக்கென ஒரு தனி முறையில் பேசும் பிரின்டர், லினக்ஸில் அதை ஓடவைக்க மெனக்கெட வேண்டும். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியவுடன் ஓடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வரித் தாக்கல் செய்கிறவர் அதையும் முதலில் சோதிக்க வேண்டும்.

சரி, யார் எதற்குப் போவது?

டிடிபி, கணக்கு, அலுவலகம் என்று விண்டோஸ் செயலிகளோடு கட்டுண்டவர், கணினியும் தகுதி பெறுகிறது என்றால், விண்டோஸ் 11-க்குப் போய்விடுங்கள். ஸ்டார்ட்டை இடப்பக்கம் தள்ளுங்கள், ஜன்னல்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள், ஷிஃப்டும் ரைட் கிளிக்கும் கைக்கு வரட்டும். மாதக் கடைசியிலோ கல்யாண சீசனில் பத்திரிகை அடிக்கும் நெருக்கடியிலோ மாறாதீர்கள். வேலை குறைவான வாரமாகப் பார்த்து மாறுங்கள்.

கணினி தகுதி பெறவில்லை, வேலையும் விண்டோஸில்தான் என்றால் நீட்டித்த அப்டேட்டுகளில் பதிந்துகொண்டு, அந்த அவகாசத்தில் புதுக் கணினிக்குப் பணம் சேர்ப்பதே நடைமுறை. பழையதைத் தூக்கிப்போடவேண்டாம், அதில் மின்ட் ஓடும்.

பிரவுசரும் கடிதமும் படமும் போதும் என்பவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் லினக்ஸ் மின்ட். ரேம் 8 ஜிபி என்றால் சின்னமன், 4 என்றால் எக்ஸ்எஃப்சிஈ. 2024 ஜூலையில் வந்த 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, அதுவரை திரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெற்றோருக்காக முடிவெடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். நாம் ஊருக்குப் போகும் இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம். திணறல் தொடங்குவது நாம் பஸ் ஏறிய பிறகுதான். மின்ட்டை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். அப்படி ஓட்டி, அவர்கள் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யட்டும். கை எங்கே போய்த் தேடி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அந்த ஐகானை வைத்துக் கொடுங்கள்.